ஐந்து உயிரும் உள்ள சொல்

போன மாதம் அண்ணன் பேத்தியின் கல்யாண விருந்தில், சிறுவயதில் துரைசானி முன்னால் நின்று நீள நீளமான இங்கிலீஷ் சொற்களை ஒப்பித்த கதையை அண்ணன் மறுபடியும் சொன்னான். சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்து கேட்டார்கள். நான் இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொற்களைத் தேடிப் பிடித்தவள் யார் என்று ஒரு பேச்சு உண்டா? கிடையாது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எத்தனை வருஷம்தான் பொறுப்பது? நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். அண்ணனை நிறுத்தவில்லை. தம்பி அவனுக்கும் தம்பிதானே? அவனுக்கும் இடுப்பு இருந்ததே? கேட்டால் வாயாடி என்று பெயர்.

ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்ததும், ஆபீஸ் கணக்கர்களுக்குத் தலைவரான பெரிய கிராணி ஒரு சேதி சொன்னார். லயத்துப் பிள்ளை ஒன்றை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசானி தன் செலவில் ஈப்போ இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பப் போகிறார். தீபாவளிக்கு மறுநாள் ஆபீஸ் வாசலில் பரீட்சை. பெரிய பெரிய இங்கிலீஷ் சொற்களை யார் அர்த்தத்தோடு அதிகமாகச் சொல்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அந்த இடம். ஆண்பிள்ளைக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், சொல்லவே இல்லை.

என் சித்தப்பா தோட்டத்துத் தபால்காரர். ஈப்போவுக்குச் சைக்கிளில் போய்க் கடிதப் பையை எடுத்து வருவார். ஆபீஸில் குப்பையோடு எறிந்த இங்கிலீஷ்–தமிழ் அகராதி ஒன்றை எப்போதோ எடுத்து வைத்திருந்தார். முதல் எழுத்தையும் கடைசி எழுத்துகளையும் கரையான் தின்றிருந்தது, நடுவயிறு மட்டும் மிச்சம். அதை எனக்குக் கொடுத்து, எழுத்துகளையும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

“தமிழுக்குப் பன்னெண்டு உயிரு. இங்கிலீசுக்கு அஞ்சே அஞ்சுதான். ஏ, இ, ஐ, ஓ, யூ. அஞ்சை வச்சுக்கிட்டு வெள்ளைக்காரன் பாதி உலகத்த ஆளுறான், பாரேன்!”

அது என் மண்டையில் ஆணி அடித்தாற்போல் இறங்கியது. ஒரு உயிர் உள்ள சொல் நோஞ்சான். மூன்று உயிர் இருந்தால் நடக்கும். ஐந்து உயிரும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தால், அந்தச் சொல்லை யாரால் அசைக்க முடியும்? பரீட்சைக்கு அப்படிப்பட்ட சொற்களைத்தான் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன்.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே தேடினேன். பக்கத்துக்கு நூறு சொல், ஒவ்வொன்றிலும் விரலை மடக்கி மடக்கி எண்ண வேண்டும். ஐந்து விரலும் மடங்கினால் சிலேட்டில் எழுதுவேன். எஜுகேஷன், கல்வி. பிஹேவியர், நடத்தை. ரெகுலேஷன், ஒழுங்குவிதி. ரெப்யூட்டேஷன், நற்பெயர். எக்ஸாஷன், அடியோடு களைத்துப் போதல். லயம் முழுக்க இருந்த அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. மௌண்டனியர், மலையேறுகிறவன். ஹவுஸ்மெய்ட், வீட்டு வேலை செய்யும் பெண். உச்சரிப்பெல்லாம் சித்தப்பா சொன்னதுதான். அகராதியில் இல்லாத ஒன்றும் கிடைத்தது. அப்பா வேலை செய்த ஸ்டோரில் ரப்பர் ஷீட் அடுக்கும் பெட்டிகளின்மேல் கறுப்பு மையில் ‘ரப்பர் பிளாண்டேஷன்’ என்று அடித்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் இருந்தன! நாங்கள் குடியிருந்த தோட்டத்துக்கே ஐந்து உயிர். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மொத்தம் பதினொன்று சேர்ந்ததும் அப்பாவிடம் ஒப்பித்தேன். அப்பா சிரித்தார், என் தலையைத் தடவினார். பிறகு சொன்னார்: “அண்ணனுக்குச் சொல்லிக் குடும்மா. அவன் போய்ச் சொல்லட்டும்.”

“நான் போய்ச் சொல்றேன்பா.”

“பொம்பளப் புள்ளைய ஈப்போவுல கொண்டுபோய் விட முடியுமா? நல்லா இருக்கே கத!”

சித்தப்பா வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் சைக்கிள் சக்கரத்துக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிட்டார். அம்மா பக்கம் பார்த்தேன். அம்மா, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்பில், சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். எக்ஸாஷன்.

அழுது தீர்த்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன். என் புத்தி அப்படி. அண்ணன் மக்கு இல்லை, ஆனால் ஊரான் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையே என்பதுபோல, உழைக்காமல் கிடைத்ததில் அவனுக்கு அக்கறையே வரவில்லை. நான்கு சொல் ஏறினால் இரண்டு இறங்கிவிடும்.

பரீட்சை அன்று துரைசானி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பெரிய கிராணி. பையன்களை வரிசையாக முன்னால் நிறுத்தினார்கள். பெண்பிள்ளைகள் பின்னால், வேடிக்கை பார்க்க. மற்றப் பையன்கள் கேட், டாக் என்று சொல்லி இறங்கினார்கள். அண்ணன் எஜுகேஷனில் ஆரம்பித்தான். துரைசானி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு சொல் கணீரென்று வந்தன. ஐந்தாவதில் நின்றான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! என்னால் பொறுக்க முடியவில்லை. தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி முன்னால் வந்து, பதினொன்றையும் அர்த்தத்தோடு ஒரே மூச்சில் கத்திவிட்டேன்.

துரைசானி எழுந்து நின்று கைதட்டினார். இந்தச் சொற்களை இவளா தேடினாள் என்று கிராணி மூலம் விசாரித்தார். சித்தப்பா, அன்றைக்காவது, “ஆமாங்கம்மா, இந்தப் புள்ளதான்” என்றார். துரைசானி கிராணியிடம் இங்கிலீஷில் ஏதேதோ பேசினார். கிராணி தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவிடம் தீர்ப்பு சொன்னார்.

“பையனை ஈப்போவுக்கு அனுப்புறாங்க. புள்ளையையும் துரைசானி அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கெட்டிக்காரி, வீணாப் போகக்கூடாதுன்னு சொல்றாங்க. பங்களாவுக்கு ஹவுஸ்மெய்டா வரட்டுமாம். அங்க அலமாரி அலமாரியா புஸ்தகம் இருக்கு.”

நான்கு சொல்லுக்கு அவனுக்குப் பள்ளிக்கூடம். பதினொரு சொல்லுக்கு எனக்குத் துடைப்பம். அந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களோ! துரைசானியை நினைத்தாலும், சந்தோஷமாகத் தலையாட்டிய அப்பாவை நினைத்தாலும் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் புத்தகங்களை ஆறு வருஷம் தூசி தட்டினேன். ஒன்றையாவது திறந்து பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரையும்விட எனக்குக் கோபம் வருவது அந்தப் பத்து வயதுக்காரி மேல்தான். அவள் அன்று என்ன செய்தாள் தெரியுமா? குதித்தாள். கிராணி வாயிலிருந்து வந்தது அவள் தேடிப் பிடித்த சொல். அர்த்தம் தெரியாமல் இல்லை, அவளே எழுதியதுதான். இருந்தும் ஐந்து உயிர் உள்ள சொல் கெட்டதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். அன்று மாலை அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டு, தலைவலி போல என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாட்டுவண்டியில் ஏறினான். நான் மேட்டுப் பங்களாவுக்குப் போகும் செம்மண் பாதையில் திரும்பினேன். வண்டி நகரும்போது கையை உயர்த்தி ஐந்து விரலையும் அவனுக்கு விரித்துக் காட்டினேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அவன் இனிமேல் ஸ்டூடண்ட். அதில் யூவும் இயும், இரண்டே உயிர். பொறாமையில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் மேடேறினேன்.