எஸ்தர் அக்கா முதலிலிருந்து எண்ணினார்

போன செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் டிபன் டப்பாவைத் திறந்தபோது, எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்து முருகேசனின் போன் வந்தது. "மேடம், நம்ம எஸ்தரக்கா போயிட்டாங்க" என்றார். காலையில் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

தாராவியில் சனிக்கிழமை சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட அறையில், குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களுமாக நாங்கள் தமிழில் கூடிப் பேசுகிறோம். அந்தக் கூட்டத்துக்கு வந்த முதல் பெண் எஸ்தர் அக்கா. சட்டை தைக்கும் பட்டறையில் காலர் வைப்பது அவர் வேலை. கணவர் இறந்த பிறகு அவர் மிச்சம் வைத்த பாட்டிலில் தொடங்கிய பழக்கம் என்பார். அக்கா முதல்நாள் வந்தபோது, "வீட்டுக்காரருக்காக வந்தீங்களாம்மா? குடும்பத்துக்காரங்க கூட்டம் வேற இடத்துல" என்று வழி சொல்லி அனுப்பப் பார்த்தார்களாம். "எனக்காகத்தான் வந்திருக்கேன். நாற்காலி இருக்கா, தரையில உக்காரவா?" என்று கேட்டாராம். முருகேசன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாராம்.

நான் அங்கே வந்து சேர்ந்தது சுற்றுவழியில். முதலில் செம்பூரில் ஓர் ஆங்கிலக் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் என் கணவரின் ஆபீஸ்காரர் ஒருவரைப் பார்த்ததும் வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன். அவரும் அங்கே எதற்கு வந்திருப்பார் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு உதவி எண்ணுக்குப் போன் செய்தபோதுதான் தமிழ்க் கூட்டம் இருப்பது தெரிந்தது. மாட்டுங்காவில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் தாராவிக்கு வரமாட்டார்கள் என்ற தைரியத்தில் போனேன்.

வாசலில் நின்றிருந்த அக்காவிடம், "எனக்கில்லை, தெரிஞ்சவா ஒருத்தருக்காக விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"அப்படியா. அந்தத் தெரிஞ்சவங்க இன்னைக்குக் காலையில குடிச்சாங்களா?"

யோசிக்காமல் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அவங்களையும் கூட்டிக்கிட்டு உள்ள வாங்க" என்றார். சிரிக்கவே இல்லை.

இரண்டாவது மாதத்தில் நான் மறுபடி குடித்தேன். அந்த முகத்தோடு எப்படிப் போவது என்று நான்கு சனிக்கிழமைகள் போகவில்லை. ஐந்தாவது வாரம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்த என் மாமியாரிடம், ப்ளவுஸ் அளவெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். உள்ளறையில் டேப்பை என் தோளில் வைத்தபடியே மெதுவாகக் கேட்டார்: "குடிச்சியா?"

"ஆமாம். வெக்கமா இருக்கு."

"ஏட்டி, குடிச்சவதான் கூட்டத்துக்கு வரணும். குடிக்காதவளுக்கு அங்க என்ன சோலி?"

அந்தச் சனிக்கிழமை போனேன். அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை. அந்த ப்ளவுஸையும் அவர் தைத்தே கொடுத்தார். கை கொஞ்சம் இறுக்கம்.

அடுத்து நான் எழுதப்போவதை அவரே கூட்டத்தில் பலமுறை சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். எட்டு வருஷம் குடிக்காமல் இருந்தவர், ஊரில் தம்பியின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த வாரத்தில் குடித்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சனிக்கிழமை கூட்டத்தை நடத்த வேண்டியவரே அவர்தான். எழுந்து நின்றார். "எம் பேரு எஸ்தர். நான் குடிநோயாளி. குடிக்காம இன்னைக்கு மூணு நாளாச்சு" என்றார்.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, கோபம். கூட்டம் முடிந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். பின்னாலேயே வந்தார்.

"ஏட்டி, கோவமா?"

"நீங்களே இப்படின்னா நான் என்ன பண்ணுவேன்?"

"என்னப் பிடிச்சுக்கிட்டு நிக்காத. நான் விழுந்தா நீயும்லா விழுவ? ஒங்காலுல நீ நில்லு" என்றார். பிறகு, "இப்ப என்ன பஸ்ஸுல ஏத்தி விடு. கை நடுங்குது" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வரும்வரை விடவில்லை. அந்த மூன்றாம் நாளிலிருந்து கடைசிவரை அவர் குடிக்கவில்லை.

அடக்கத்துக்கு நாங்கள் ஏழெட்டுப் பேர் போயிருந்தோம். உறவுக்காரர்கள் நாங்கள் யார் என்று பார்த்தார்கள். அக்காவின் மகள் வந்து என் அருகில் நின்றாள். "நீங்க சனிக்கிழமைக்காரங்களா?" என்று கேட்டாள். தலையசைத்தேன். "அம்மா அங்க போறது எனக்குத் தெரியும். ஆனா இத்தனை வருஷத்துல ஒருத்தர் பேரக்கூட வீட்டுல சொன்னதில்ல" என்றாள். அப்போதுதான் நான் அழுதேன். அம்மாவைப் பற்றி எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரப் போட்டே எழுதுங்க. அம்மா மறைச்சதில்ல" என்றாள்.

செய்தி வந்த அன்று சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வழியில், நான் ஒரு ஒயின் ஷாப்புக்கு எதிரில் போய் நின்றேன். வாங்கவில்லை. ஆனால் பத்து நிமிஷம் நின்றேன். சனிக்கிழமை என் முறை வந்தபோது அதைச் சொன்னேன், யாரும் கேட்காமலே, நின்ற நேரத்தைக் குறைக்காமலே. எஸ்தர் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.