வலது பக்கம் போன சமையலறை

மகளின் கல்யாணத்துக்காக விழுப்புரம் வீட்டை விற்க வேண்டியிருந்தது. போனின் பின்பக்கக் கேமரா கீறல் விழுந்து மங்கியிருந்ததால், போனைத் திருப்பிப் பிடித்து, வாசலில் நின்று செல்ஃபி கேமராவில் கூடத்தைப் படமெடுத்தேன். ‘கிழக்குப் பார்த்த வீடு’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

ஆர்வமாகக் கேட்டவர்கள்கூடப் படத்தைப் பார்த்ததும், “சொல்றோங்க” என்று ஒதுங்கினார்கள். முகூர்த்தம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே போய்விட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார் கணவர்.

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து ஒரு அம்மா போனில் பிடித்துக்கொண்டார். “ஈசானிய மூலைல சமையல்ரூம வச்சிக்கினு வித்தா யாருங்க வாங்குவாங்க?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் அக்னி மூலைலதாங்க சமைச்சிக்கினு இருக்கேன்!”

“அப்ப உங்க படத்த நீங்களே பாருங்க.”

பார்த்தேன். வாசலுக்கு இடது பக்கம், தென்கிழக்கில் இருக்கும் சமையலறை படத்தில் வலது பக்கம், அதாவது வடகிழக்கு ஈசானிய மூலையில் இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரின் எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பியிருந்தன. செல்ஃபி கேமரா வீட்டையே இடம் வலமாக மாற்றியிருந்தது! தினமும் புழங்கும் வீடுதானே என்று நான் உற்றுப் பார்க்கவேயில்லை.

கணவரின் போனில் மறுபடி எடுத்து அனுப்பினேன். சண்டை பிடித்த அந்த அம்மாவே நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொண்டார்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தை அனுப்பும் முன்பும் அதிலுள்ள எழுத்தைப் படித்துப் பார்க்கிறேன். அதைவிட, யாராவது “சொல்றோங்க” என்று நழுவினால், “ஏங்க?” என்று கேட்டுவிடுகிறேன்.