திருவொற்றியூர்க் கல்தடுப்பில் ஒரு பன்னிரண்டு அடித் தூண்டில்

கடற்கரையில் நின்று மீன் பிடிக்க எந்த ராட் வாங்கலாம் என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் திருவொற்றியூர் போய்வந்ததைச் சொன்னாலே பதில் கிடைத்துவிடும். என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை. ஆபீசில் ஆளாளுக்கு மீனும் கையுமாகப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு படம் வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

முந்தின நாள் மாலையே ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் முதலில் இடத்தைத்தான் கேட்டார். "எங்க நின்னு போடப் போறீங்க சார்? மணலா, கல்லா?" கல் என்றதும் ஒன்பது அடி ராட் ஒன்றை எடுத்து நுனியை வளைத்துக் காட்டினார். விலை 2,200. "கல்லு மேல நின்னா காலுக்குக் கீழயே ஆழம் கீது. இது போதும். பன்னெண்டு அடி மணல்ல நிக்கிறவங்களுக்கு. அவங்க அலையத் தாண்டி வீசணும்ல?" தலையாட்டிவிட்டு பன்னிரண்டு அடியை வாங்கினேன், 4,800. பார்க்க எடுப்பாக இருந்தது. கூடவே ஜோடியாக இரண்டு பொய்மீன்கள்: ரோஸ் நிற முதுகு, வயிற்றுக்கடியில் மூன்று முள் உள்ள கொக்கி.

மறுநாள் கிண்டியில் ஐந்தே கால் மெட்ரோ. ஐம்பது ரூபாய். திருவொற்றியூர் தேரடியில் இறங்கும்போது ஆறு மணி ஆகியிருந்தது. அங்கிருந்து பதினைந்து நிமிட நடை. கடலோரச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நிற்கிறதே என்று நடுவில் புகுந்தால் திடீரென்று நகரும், கவனம்.

கல்தடுப்பை ஒட்டி, கரையில் ஏற்றிய ஃபைபர் படகில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் தேசப்பன், ஐம்பது வயது இருக்கும். என் ராடைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, மாங்கா பறிக்க வந்தியா?" பிறகு கடலுக்குள் கைகாட்டினார். "அந்தக் கறுப்புக் கொடி தெரிதா? அங்க என் வலை கீது. இந்தாண்ட போட்டுக்கோ."

சரிண்ணே என்றேன். அரை மணி நேரம் ஒழுங்காகத்தான் போட்டேன். ஒன்றும் கடிக்கவில்லை. பன்னிரண்டு அடி வாங்கிவிட்டு முப்பது மீட்டர் வீசுவதா என்று அரிப்பு. முழு பலத்தோடு ஒரு வீச்சு. பொய்மீன் எங்கோ போய் விழுந்தது, உடனே ராட் வளைந்தது. பத்துக் கிலோ தேறும் என்று மனசுக்குள் எடைபோட்டபடி ஐந்து நிமிடம் இழுத்தேன். அப்புறம்தான் கறுப்புக் கொடி என் பக்கம் சாய்ந்து வருவதைப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு சாலையோர டீக்கடைக்குப் போய்விட்டேன்.

ஏழரைக்கு தேசப்பனின் படகு கொடியை நோக்கிப் போனது. வலையை வெறுங்கையால்தான் இழுப்பார்கள், அது எனக்குத் தெரியும். படகைத் தள்ளும்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். டீ பன்னிரண்டு ரூபாய். அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

எட்டேகாலுக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தார். தேசப்பனின் மனைவியாம். "தூண்டி போட்றவரு தான நீங்கோ? கட்டிங் பிளேர் கீதா? எங்க வூட்டுக்காரரு கையில முள்ளு ஏறிகிச்சு!"

போனேன். உள்ளங்கையில் ஒரு முள் முழுசாக இறங்கியிருந்தது. ரோஸ் முதுகு கீழே தொங்கியது. அதன் ஜோடி என் பைக்குள் இருந்ததால், பையை லேசாகத் திறந்து பிளேயரை மட்டும் உருவினேன். முள்ளைப் பின்னால் இழுத்தால் சதையைக் கிழிக்கும். முன்னால் தள்ளி, முனை வெளியே வந்ததும் நறுக்கி எடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவனோ ஒரு சாவுகிராக்கி வலையில மாட்டிட்டு அப்டியே வுட்டுட்டு பூட்டான்," என்றார். "நீ இல்லாங்காட்டி பேஜாரா பூட்ருக்கும் நைனா."

நான்தான் அது என்ற வார்த்தை வாய்வரை வந்தது. டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இடது கையால் நாலு கிழங்கான் மீனைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு நீட்டினார். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னேன்.

ஆகவே, கேட்டவர்களுக்கு: கல்லிலும் பாலத்திலும் நின்று போட ஒன்பது அடி தாராளம். பன்னிரண்டு அடி திறந்த மணல் கரைக்கு. மூன்று முள் கொக்கி வேண்டாம், ஒற்றை முள் போதும். முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை பிளேயரால் நசுக்கிவிடுங்கள், ஏறினாலும் சுலபமாக வந்துவிடும். வலையில் மாட்டினால் நரம்பை வெட்டாதீர்கள். வலைக்காரரைத் தேடிப்போய்ச் சொல்லி, திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு அன்றைக்கே தீர்ந்துவிடும்.

வீட்டில் மீனை அலசிக்கொண்டே மனைவி கேட்டாள். "அட, நீங்களே புடிச்சதா?"

"ஆமா," என்றேன்.