கடைசியில் வைக்கப்பட்ட கேள்வி

தொண்ணூறுகள் முழுவதும் கல்கத்தாவில் ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். எந்த நாடு என்பது இப்போது யாருக்கும் தேவையில்லை. அந்த ஊரிலேயே தமிழர்கள் நிறைந்த லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்ததால் தெருவில் வங்காளமும் வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமும் கிடைத்தன. வேறு பெரிய தகுதி எனக்கு இருந்ததாக நினைவில்லை.

அங்கே கற்றுக்கொண்டவை இரண்டு. துணைத் தூதருக்கு வங்காளம் நன்றாகவே தெரியும், கடைக்காரரிடம் பேரம் பேசுவார். ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்துவிட்டால் ஒரு சொல்லும் புரியாதவர் போல என் முகத்தையே பார்ப்பார். நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். எதிராளி கோபமாகச் சொன்னது என் வழியாக வரும்போது சூடு ஆறியிருக்கும். அவரே ஏதாவது உளறிவிட்டால் மொழிபெயர்த்தவள்மேல் பழியைப் போட்டுவிடலாம், ஓரிரு முறை போட்டும் இருக்கிறார். இரண்டாவது, உணர்ச்சி கலந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வைப்பது. அதற்குள் எல்லோரும் களைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டி முடித்திருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பெயிண்ட் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலைக்குப் போனேன். தலைமை அலுவலகம் சென்னையில், தொழிற்சாலை கல்கத்தாவின் பெஹாலாவில். நேர்முகத் தேர்வில் இந்த இரண்டு பாடங்களையும் சொன்னேன், மயங்கிவிட்டார்கள். மாதம் ஒரு முறை மேலாளர்களுக்கு வகுப்புகூட எடுக்கச் சொன்னார்கள். தூதரகத்திலிருந்து வந்தவளுக்கு ஏதோ தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். கேட்கக் கேட்க நானும் நம்பிவிட்டேன்.

ஒரு மழைக்காலத்து மதியம் தொழிற்சாலையில் சரக்கு லிஃப்ட்டின் கம்பி அறுந்து, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் அடிபட்டார். முதலில் ஓடிப்போனவர் எங்கள் தொழிற்சாலை மேலாளர். திருநெல்வேலிக்காரர், கல்கத்தா வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஃபிட்டரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அந்த மனிதர் இறந்துவிட்டார்.

பொழுது சாய்வதற்குள் கேட் மூடப்பட்டது. தொழிலாளர்களோடு அந்தப் பகுதியின் கிளப் ஆட்களும் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். கிளப் என்றால் கேரம் போர்டும் நான்கு பெஞ்சும்தான். ஆனால் துர்கா பூஜையும் அவர்கள் நடத்துவதுதான், பேட்டையின் தகராறுகளும் அவர்கள் தீர்ப்பதுதான். டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் உடன்பாடு வராவிட்டால் உற்பத்தியைத் தெற்கே மாற்றிவிடுவோம் என்று சென்னையிலிருந்து போன் வந்தது.

மேலாளர் அன்று சாயங்காலமே ஃபிட்டரின் வீட்டுக்குப் போகிறேன் என்றார். நான் தடுத்தேன்.

"பேச்சு முடியிற வரைக்கும் தனியா யாரையும் பார்க்கக் கூடாது சார். இன்னொண்ணு, உங்களுக்கு வங்காளம் தெரியாது. நான் தமிழ்ல சொன்னப்புறம்தான் உங்களுக்கு எதுவும் புரியும்."

"நாலு வருஷமா இங்க இருக்கேன் மேடம். நம்புவாங்களா?"

"ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ்தானே. நம்புவாங்க."

மறுநாள் கிளப் கூடத்தில் பேச்சு தொடங்கியது. ஒரு பக்கம் கிளப் செயலாளரும் நாலைந்து தொழிலாளர்களும், இந்தப் பக்கம் மேலாளரும் நானும். ஃபிட்டரின் மனைவி சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் அழைத்தார்கள்.

தொடங்கும்போதே செயலாளர் என்னை அக்கா முறை வைத்து வங்காளத்தில் சொன்னார்: "தீதி, மேனேஜர் பாபுகிட்ட பௌதி ஒண்ணு கேக்கணுமாம்."

எதிர்பார்த்ததுதான். மகனுக்கு வேலை கேட்பார், அல்லது தொகையைக் கூட்டச் சொல்வார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். "கட்டாயம் கேட்கலாம், கடைசி அம்சமா வெச்சுக்கலாம்" என்றேன். செயலாளர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தலையசைத்தார். எவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார்கள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

எல்லாம் நான் போட்ட கோட்டிலேயே போயிற்று. ஒரு தொழிலாளி எழுந்து நின்று கத்தினார். அதை நான் பாதிச் சூட்டில் தமிழாக்கினேன். மேலாளர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் என்னையே பார்த்துவிட்டு, நிதானமாகப் பதில் சொன்னார். பாதுகாப்பு, விசாரணை, குடும்பத்துக்கு மாத உதவி என்று ஒவ்வொன்றாகப் படிந்து வந்தது. வெளியே டிவிக்காரர்களிடம் இரு தரப்பும் சேர்ந்து ஒரே அறிக்கையைக் கொடுத்தோம். இதெல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டாம் நாள் திரும்பி வரும்போது காரில் மேலாளர் சொன்னார், "அந்தம்மா என்ன கேக்கப் போறாங்கன்னு எனக்குத் தெரியும் மேடம். அவங்க வீட்டுக்காரர் கடைசியாப் பேசினது எங்கிட்டதான். வங்காளத்துலதான் பேசினார்."

"அது இப்ப வெளியில வரக்கூடாது சார். உங்களுக்கு மொழி தெரியும்னு தெரிஞ்சா, ரெண்டு நாளா ஏமாத்தினோம்னு ஆயிடும். அப்புறம் யாரு கையெழுத்துப் போடுவா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஃபிட்டர் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

மூன்றாம் நாள் மதியம் ஒப்பந்தத்தை வாசித்து முடித்தேன். செயலாளர் பேனாவைத் திறந்தார். அப்போது அந்த அம்மாள் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராக மேலாளரிடம் வங்காளத்தில் கேட்டார்.

"அவர் ஏதாவது சொன்னாரா?"

நான் பழக்கத்தில் தமிழில் ஆரம்பித்தேன். மேலாளர், "வேண்டாம் மேடம்" என்று கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு எழுந்து நின்று, இலக்கணம் பாதி தப்பிய வங்காளத்தில், மெதுவாக அந்த அம்மாளிடம் சொன்னார்.

"சொன்னார் பௌதி. மொட்டை மாடியில துணி காயுது, மழை வருது, வீட்டுல எடுக்கச் சொல்லுங்கன்னார். ரெண்டு தடவை சொன்னார். அதுக்கப்புறம் பேசல."

மூன்று நாள் உழைப்பும் போயிற்று, கேட் இனித் திறக்காது என்றுதான் நான் நினைத்தேன்.

"எடுக்கலை" என்றார் அந்த அம்மாள். "எல்லாம் நனைஞ்சு போச்சு." பிறகு, "வலிக்குதுன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்ல, சொல்லலை."

அவர் மேலாளரின் கையைத் தொட்டுவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். செயலாளர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வரும்போது செயலாளரை நிறுத்தி, "உங்களுக்குக் கோபம் இல்லையா? அவருக்கு வங்காளம் தெரியும்ங்கிறதை மறைச்சோமே" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "இந்தப் பேட்டையில அது யாருக்குத் தெரியாது தீதி? ஞாயித்துக்கிழமை மீன் கடையில நின்னு இலிஷ் மீனுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுறவர். போன பூஜைக்கு ஃபிட்டர் வீட்டுல உக்காந்து சாப்பிட்டவர்."

"அப்ப ஏன் முதல் நாளே சொல்லலை?"

"நீங்க இவ்வளவு சிரமப்பட்டு ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கீங்க, கெடுப்பானேன்னு விட்டுட்டோம். நீங்க ஒவ்வொண்ணையும் மறுபடி சொல்றப்ப எங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைச்சுது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? இருண்டுவிட்டது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுத்தவள் நான். செயலாளர் அதோடு விட்டிருந்தால் வீட்டுக்குப் போய் என்னைப் பார்த்து நானே சிரித்திருப்பேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே தொடர்ந்தார். "பௌதிதான் பாவம். முதல் நாளே கேக்கணும்னாங்க. நீங்க கடைசின்னு சொன்னீங்க. கேட்டா அவர் வங்காளத்துலதான் பதில் சொல்லணும், உங்க ஏற்பாடு உடைஞ்சு பேச்சு குலைஞ்சிடும், நிறைய பேர் பிழைப்பு இருக்கு, கையெழுத்து ஆகட்டும்னு நாங்களும் சொன்னோம். இன்னிக்கு அவங்களால அதுக்கு மேல முடியலை."

மறுநாள் காலை கேட் திறந்தது. சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அதில் மேலாளரின் பெயருக்கு முன்னால் என் பெயர். சில வருடம் கழித்து, வேலையை விட்ட பிறகு, ஜாதவ்பூர் பக்கம் ஒரு நிர்வாகக் கல்வி நிலையத்தில் நெருக்கடிகளைக் கையாள்வது பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இந்தக் கதையை அப்படியே சொன்னேன். ஒரு மாணவி எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்போ அந்த உத்தி பலிச்சுதா இல்லையா மேடம்?" என்று கேட்டாள். பலித்தது என்றேன். பொய் இல்லை. ஒப்பந்தத்தில் நாங்கள் விரும்பாத ஒரு வரிகூடக் கிடையாது.

ஆனால் அந்த அம்மாள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விபத்து நடந்த அன்றே மேலாளர் அதைச் சொல்லக் கிளம்பினார், நான் காரின் கதவருகே நின்று மறித்தேன். கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று தெரியாமலே அவர் மூன்று இரவு படுத்திருக்கிறார்.