முதுகைப் பார்த்துச் சொன்னவன்

எங்கள் ஜிம்மில் நிலைக்கண்ணாடி முன்சுவரில் மட்டும்தான் இருக்கிறது. பின்சுவர் முழுக்க ஜன்னல்கள். அவற்றுக்கு வெளியே உள்துறைமுகத்தின் ஒரு துண்டுக் கடலும் கட்டிக் கிடக்கும் வள்ளங்களும் தெரியும். மார்பையும் வயிற்றையும் தொடையையும் ஒருவன் தானே பார்த்துக்கொள்ளலாம். முதுகுக்கு மட்டும் இன்னொருவன் வேண்டும். அதனால் ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்கள் ஆளுக்கொரு சோடியைப் பிடித்துக்கொள்வது எங்களிடையே வழக்கம். இவனுடைய முதுகை அவன் பார்த்துச் சொல்வான், அவனுடையதை இவன். தூக்கிய எடையில் நாங்கள் பொய் சொல்வோம். சாப்பிட்டதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நேற்று இரவு கொத்துரொட்டி தின்றவன் இன்று காலையில் முட்டை வெள்ளையைத் தவிர வேறொன்றும் அறியாதவன்போல நிற்பான். அதையெல்லாம் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. முதுகில் பொய் சொல்வதில்லை. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் ஜிம்முக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

நான் துறைமுகக் களஞ்சியம் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். என் சோடி அன்புவழிபுரத்தில் பேக்கரிப் பாண் விற்பவன். காலையில் ஓட்டோவில் பாட்டைப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவான். பணிசும் மீன் வைத்த மாலுபாணும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவித்த கோழி நெஞ்சைத் தின்னும் அவனுடைய கட்டுப்பாட்டை நான் வீட்டில் சொல்லிச் சொல்லி மெச்சியிருக்கிறேன். என் மனைவி பாண் வாங்கும்போதெல்லாம், "இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ, கண்டபடி தண்ணி குடிக்காமல் கிடந்து மயங்கி விழப்போறார்" என்பாள். "நானிருக்கிறன்தானே அக்கா" என்பான். அதை நானும் நம்பினேன்.

மாகாணப் போட்டியில் ஒவ்வோர் எடைப் பிரிவிலும் முதலாவதாக வருகிறவன் கொழும்புக்குப் போவான். மாகாணத்தின் பெயர் போட்ட மேற்சட்டை கொடுப்பார்கள். எனக்கு அந்தச் சட்டை வேண்டும். மூன்றாவது, நான்காவது என்று வந்து வந்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. வயதும் ஏறிவிட்டது. அடுத்த வருடம் வேலை நேரம் மாறினால் பயிற்சிக்கு நேரம் இருக்காது. மனைவியும், "இதுதான் கடைசி எண்டு சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ, நானும் பொறுத்துக்கொள்ளுறன்" என்று சொல்லிவிட்டாள். கடைசி என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இந்தப் போட்டியைத் தெரியாதவர்கள், யாருக்குத் தசை பெரிதோ அவர் வெல்வார் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. முதலில் கட்டாயப் போஸ்கள். எல்லோரும் வரிசையாக நின்று நடுவர் சொல்கிறதைச் செய்ய வேண்டும்: முன்னால் இரண்டு கையையும் மடக்கு, பக்கவாட்டில் நெஞ்சைக் காட்டு, திரும்பி முதுகை விரி. அதில் தப்ப ஏலாது, குறையும் நிறையும் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம். சொந்தப் பாட்டு, சொந்தப் போஸ்கள், எந்த ஒழுங்கில் வேண்டுமானாலும் செய்யலாம். அந்த ஒரு நிமிடத்துக்காக மாதக்கணக்கில் நாய்ப்பாடு படுவோம். ஒரு போஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை எந்த வழியால் போக வேண்டும், மூச்சை எங்கே பிடிக்க வேண்டும், முகத்தில் சிரிப்பு எப்போது வர வேண்டும் என்று எல்லாவற்றையும் பாட்டோடு சேர்த்துப் பழக வேண்டும். கால் நடுங்கும், ஆனால் சிரிப்பு நடுங்கக்கூடாது.

என்னுடைய நிமிடத்தை அவன்தான் அமைத்துத் தந்தான்.

"மச்சான், உன்ட சொத்து முதுகுதான்" என்றான் ஒரு பின்னேரம். நான் கண்ணாடியைப் பார்த்துக் கைகளை மடக்கி நின்றேன், அவன் எனக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்றான். "முன்னுக்கு எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்பாங்கள். திரும்பினாத்தான் நீ ஆரெண்டு தெரியும். அரைவாசி நேரம் முதுகைக் காட்டு. கடைசிப் போஸும் முதுகாவே இருக்கட்டும். அப்பிடியே உறைஞ்சு நில்."

போன் இருக்கிறதே, படம் எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்தோம். எடுத்ததும் அவன்தான். ஒருமுறை படத்தில் என் முதுகின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடச் சிறிதாகத் தெரிந்தது. நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து இடது தோளை உடைத்துக்கொண்டது ஞாபகம் வந்து கேட்டேன்.

"கிட்ட வச்சு எடுத்தா ஒரு பக்கம் பெரிசாத்தான் தெரியும்டாப்பா. போனை நம்புறியோ, என்ட கண்ணை நம்புறியோ?"

இந்தக் கேள்விக்கு ஒரு நண்பன் வேறென்ன பதில் சொல்வான்? அவன் கண்ணைத்தான் நம்பினேன். அந்தப் படத்தை அழித்தும் விட்டேன்.

என் பங்குக்கு நான் அவனுக்கு எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். கெண்டைக்கால் போதாது என்றேன், அதற்காக மாதங்களாக மாரடித்தான். முதுகை விரிக்கும்போது வலது முழங்கை தாழ்கிறது என்றேன், திருத்தினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை ஆவென்று திறக்கிறாய், மீன் மாதிரி இருக்கிறது என்றேன். சிரித்துவிட்டு அதையும் விட்டான். அவன் எனக்கு மேல் எடைப் பிரிவில் இறங்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தான். அப்படி இல்லாவிட்டாலும் உள்ளதைத்தான் சொல்லியிருப்பேன்.

எடை பார்க்கிற இடத்தில் என் பின்னால் வரிசையில் வந்து நின்றான். தராசில் ஏறினான், என் பிரிவுக்குள் சரியாக இறங்கியிருந்தான்.

"தண்ணியைக் குறைச்சுப் பார்த்தனான் மச்சான், இறங்கிட்டுது" என்று பல்லைக் காட்டினான்.

எனக்குக் கோபமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? கூட ஒரு தெரிந்த முகம் இருந்தால் மேடையில் பயம் குறையும் என்று சந்தோஷப்பட்டேன். அப்படியொரு பேயன் நான்.

போட்டி நடந்த மண்டபத்தின் பின்னறையில் விதிகளை வாசித்தார்கள். ஒரே நிறக் காற்சட்டை. கல்யாண மோதிரம் தவிர நகை கூடாது. வாயில் சூயிங்கம் கூடாது. கையில் எந்தப் பொருளும் கொண்டுபோகக்கூடாது. தரையில் படுக்கக்கூடாது. குனிந்து பின்புறத்தை நடுவருக்குக் காட்டுகிற போஸுக்குத் தடை. அதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள், வாசித்தவர் சிரிக்கவில்லை. துடைத்தால் கழலுகிற நிறப்பூச்சும் கூடாது. ஒருவர் வெள்ளைக் கடதாசியால் ஒவ்வொருவன் தோளிலும் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கழலாத வகைப் பூச்சை என் முதுகில் பூசியவனும் அவன்தான். முதல்நாள் அவனுடைய வீட்டு முற்றத்தில், கையில் உறை மாட்டிக்கொண்டு, தோள் எலும்பிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு கீறல் விடாமல் பூசினான். இடப்பக்கத்தில் இரண்டு தரம் பூசினான். நான் அதைக் கவனம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பக்கத்தை அவன் எவ்வளவு கிட்ட நின்று பார்த்திருக்கிறான்.

கட்டாயப் போஸ்களில் முன்பக்கம் நன்றாகவே போனது. முன்னணியில் நிற்பவர்களென்று முதல் ஒப்பிடலுக்கு அழைத்த மூன்று பேரில் நானும் ஒருவன், அவனும் ஒருவன். திரும்பச் சொன்னார்கள். திரும்பினோம். அதன்பிறகு என் இலக்கத்தை ஓரத்துக்குப் போகச் சொன்னார்கள். ஏதோ ஒழுங்குக்காக என்று நினைத்துக்கொண்டு அந்த ஓரத்திலும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என்னுடைய நிமிடம் வந்தது. பாட்டு தொடங்கியது. பிசகில்லாமல் செய்தேன். நம்பிக்கையோடு திரும்பினேன், திரும்பத் திரும்ப முதுகைக் காட்டினேன். கடைசியில் முதுகைக் காட்டியபடியே உறைந்து நின்றேன். கைதட்டல் கேட்டது. என் மனைவி விசிலடித்தாள், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் விசிலடித்து நான் கேட்டதில்லை.

அவனுடைய நிமிடத்தைப் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கெண்டைக்கால் தெறித்தது. முழங்கை தாழவில்லை. வாய் மூடியிருந்தது. நான் சொன்ன அத்தனையும் அந்த உடம்பில் இருந்தன. முதலாவதாக அவன் வந்தான். நான் ஐந்தாவது.

முடிந்தபிறகு மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த வயதான நடுவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்.

"தம்பி, முன்பக்கத்தில நீங்கள் மூண்டு பேருக்குள்ள நிண்டனீங்கள். திரும்பினதோட விழுந்திட்டீங்கள். இடப்பக்க முதுகு விரியுதே இல்லை. வலது தோள் மேல நிக்குது. கட்டாயப் போஸில அதை மறைக்க ஏலாது, சரி. உங்கட சொந்த நிமிசத்திலயும் ஏன் அதையே பிடிச்சுக் காட்டினனீங்கள்? அந்த நிமிசம் எதுக்குத் தாறது? ஒளிக்க வேண்டியதை ஒளிக்கத்தானே. ஆர் இதை உங்களுக்குப் போட்டுத் தந்தது?"

நேரே உள்ளே போனேன். பின்னறையில் அவன் வெற்றிக்கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கழுத்தில் வழிந்த எண்ணெயைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ட முதுகு உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கொஞ்சம் முழித்திருந்தால், என்ன முதுகு என்று கேட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

"சொன்னா நீ மனம் உடைஞ்சு போயிருப்பாய் மச்சான். மேடையே ஏறியிருக்க மாட்டாய்."

"சரி, சொல்லாம விட்டிருக்கலாம். காட்டச் சொல்லி ஏன் சொன்னனீ?"

துவாயை மடித்தான். திரும்ப விரித்தான்.

"போட்டி எண்டா போட்டிதானே" என்றான்.

அடிக்கக் கை வந்தது. அடித்தவனுக்கு ஒரு வருடத்துக்குத் தடை, அதுவும் விதியில் இருக்கிறது. வெளியே வந்தேன். மனைவி ஏதோ கேட்டாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஐந்தாவதாக வந்ததற்கு நான் அழவில்லை. எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பின்னேரமும் "நல்லாயிருக்கு மச்சான்" என்று சொன்ன அந்தக் குரலை நினைத்து அழுதேன். அந்தக் குரலில் பொய் இருந்ததாக இப்போதும் என் காதுக்குத் தெரியவில்லை.

பிறகு வீட்டுக்குப் பாண் வேறொருவனிடம் வாங்கினோம். நான் ஜிம்முக்குப் போவதை விடவில்லை. போட்டிதான் கடைசி, பயிற்சி அல்ல. இடப்பக்கத்துக்கென்று தனியாகச் செய்யத் தொடங்கினேன், யாருக்கும் காட்டுவதற்கல்ல, ஒரு வீம்புக்கு.

கொழும்புப் போட்டிக்கு முந்திய வாரம் அவன் என்னிடம் வந்தான். ஜிம்மில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"ஒருக்காப் பார்த்துச் சொல்லு மச்சான். இவங்கள் எல்லாரும் சூப்பர், சூப்பர் எண்டுதான் சொல்லுறாங்கள். நீதான் உள்ளதைச் சொல்லுவாய்."

அவனுடைய துணிச்சலுக்கு முன்னால் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திராமல் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றான். நான் ஜன்னலோரம் போனேன். வலது முழங்கையைக் கொஞ்சம் உயர்த்து என்று ஒரு சொல் சொன்னால் போதும், கொழும்பில் கோணலாக நிற்பான். அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஆனால் முதுகு நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல முதுகை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"சரியா இருக்கு. ஒண்டும் மாத்தாத" என்றேன்.

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

"உண்மையாத்தான் சொல்லுறியோ?"

"ஓம்."

திரும்பவும் நின்றான். முழங்கையைச் சற்று உயர்த்தி, "இப்ப?" என்றான். முதல் நின்றதுதான் சரி என்றேன். இறக்கினான். இன்னும் கொஞ்சம் இறக்கினான். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தான். போனை ஒருவனிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னான், அதைப் பார்த்தான், பிறகும் என் முகத்தையே பார்த்தான். நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு குரூரமான திருப்தி இருந்தது, மறைக்க மாட்டேன். இனி அவனுக்கு யாரிடமும் உண்மை கிடைக்காது, கிடைத்தாலும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே வீடு வரைக்கும் ஓட்டினேன்.

வீட்டில் தோள் இழுத்துப் பிடித்தது. சட்டையைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில் கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். மனைவி தைலம் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, "இஞ்ச பாருங்கோ, இடப்பக்கமும் இப்ப நல்லா வந்திட்டுது" என்றாள்.

நான் கழுத்தைத் திருப்பி அவளுடைய முகத்தைப் பார்த்தேன்.

"உண்மையாத்தான் சொல்லுறீரோ?" என்று கேட்டேன்.

என் முதுகில் ஓடிக்கொண்டிருந்த அவளுடைய கை நின்றுவிட்டது.