மாமியாருக்கு மஞ்சள் அட்டை

கார்குழலி பந்தை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள், வீங்கிய காலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிக் குளிப்பாட்டுகிறவள், ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புச் சட்டையும் விசிலுமாகக் கால்பந்து நடுவர். இதுவரை கோட்டோரம் கொடி பிடித்து ஓடியதோடு சரி. அன்றுதான் முதல்முறையாக, அரையிறுதியில் அவளை மைதானத்தின் நடுவே விசிலோடு நிறுத்தியிருந்தார்கள். ஒழுங்காக நடத்தினால் இறுதி ஆட்டமும் அவளுக்கே என்று மேற்பார்வையாளர் விஜயராகவன் சொல்லியிருந்தார்.

மேட்டுப்பாளையம் அணியின் கேப்டன் கமலக்கண்ணன் அவள் புருஷனின் தம்பி. எதிரணியான உழவர்கரைக்காரர்கள் முனகினார்கள். வேறு நடுவர் கிடைக்கவில்லை என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

ஃப்ரீ கிக் என்றால் தப்பு நடந்த இடத்தில் பந்தை வைத்து உதைக்க வேண்டும். கமலக்கண்ணன் அங்கேதான் வைப்பான். எதிராளிகளைத் தள்ளி நிறுத்த அவள் திரும்பியதும் காலால் ஒரு முழம் முன்னே நகர்த்திவிடுவான்.

"பின்னால வை."

"காத்துல உருண்டுச்சு, அண்ணி."

"காத்து உனக்கு மட்டும் அடிக்குதா? வைடா."

எல்லோரும் சிரித்தார்கள். உழவர்கரை கோல்கீப்பர் கண்ணையன், "என்னா ரெஃப்ரிம்மா, இது மேட்ச்சா, உங்க வீட்டுக் கூடமா?" என்று கத்தினான். அது அவளுக்குச் சுருக்கென்றது.

அடுத்த முறை பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தாள். டிரிப் ஊசியைப் பிடுங்குகிற நோயாளிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது வார்டில் பழகியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமலக்கண்ணன் பந்தை நகர்த்தினான். மஞ்சள் அட்டை.

ஆட்டம் முடியும் நேரத்தில் மறுபடியும் நகர்த்தினான். "ரெண்டு வெரக்கட தூரந்தானே அண்ணி!" என்று பல்லைக் காட்டினான்.

இரண்டாவது மஞ்சள், உடனே சிவப்பு.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைத் தாண்டிக் குடையோடு உள்ளே வந்தாள் மாமியார் செல்வாம்பாள். "ஏண்டி, சோறு போடுற கையாலயே எம்புள்ளைய வெளிய தொரத்துறியா?"

கார்குழலியின் கை தானாகப் பைக்குள் போயிற்று. மாமியாரின் மூக்குக்கு நேரே மஞ்சள் அட்டையை நீட்டினாள்.

"அத்தை, கயித்துக்கு அந்தாண்ட போங்க."

செல்வாம்பாளுக்கு விதி தெரியாது. இன்னொன்று காட்டினால் வீட்டைவிட்டே அனுப்பிவிடுவாளோ என்று பயந்து, குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

உழவர்கரை ஒரு கோலில் ஜெயித்தது. விஜயராகவன் வந்தார்.

"வேடிக்கை பாக்கறவங்களுக்கு அட்டை காட்ட எந்த விதியிலம்மா இருக்கு?"

"இல்ல சார். தப்புதான். ஆனா அவங்க வேற எதுக்கும் அடங்க மாட்டாங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பந்து விஷயத்துல நீ செஞ்சது சரி. காலையில சொல்றேன்."

மறுநாள் காலை அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "ஃபைனல் உனக்குத்தான். உங்க அத்தையை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வா."

ஸ்பீக்கரில் கேட்ட செல்வாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கமலக்கண்ணன் தட்டோடு வந்து நின்றான்.

"அண்ணி, கோட்டோரம் ஆள் வேணுமா? நான் கொடி புடிக்கிறேன்."

"நீ கோட்டையே நகத்திடுவ. தட்டை நீட்டு."

இரண்டு தோசையைப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்து, டியூட்டிக்கு வண்டியை எடுத்தாள்.