தூரவர்களின் மூன்றாவது விதி

ஜாவித் செங்கல்பட்டு ராட்டிணங்கிணறு பகுதியில் செல்போன் பழுது பார்ப்பவன். பி.காம். முடித்திருந்தான், அதனால் கடைக்கு ஒரு பயனும் இல்லை. கை நடுங்காதவன் என்று பெயர். அரிசியில் பாதி இருக்கும் திருகாணிகளைப் பேசிக்கொண்டே கழற்றுவான். நண்பன் எழில் செத்துப் பதினெட்டு நாளாகியும் ஒரு திருகாணிகூடத் தவறவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தான். வாடிக்கையாளர்கள்தான் வந்தார்கள்.

எழில் திருவிடந்தைக் குப்பத்து மீனவன். உப்புத் தண்ணீர் புகுந்த போனைக் கொண்டுவந்தவன், அது சரியாகும்வரை கடையிலேயே உட்கார்ந்து கதை அடித்தான். அந்தப் பேச்சில்தான் தூரவர்கள் பிறந்தார்கள். வேறொரு கிரகத்திலிருந்து வந்து, கொம்பும் செதிலும் உள்ள மிருகங்களை வேட்டையாடுகிறவர்கள். ஜாவித் எழுதினான், எழில் குரல் கொடுத்தான். வாரம் ஒரு கதையாக இணையத்தில் ஏற்றினார்கள். முந்நூறு பேர் கேட்டார்கள்.

தூரவர்களுக்கு மானம் பெரிது. தூங்கும் மிருகத்தை அடிக்கக் கூடாது. முதுகில் பட்ட காயத்தை மறைக்கக் கூடாது. மூன்றாவது விதிதான் முக்கியம்: ஒருவன் ‘என் வேட்டை’ என்று சொல்லிவிட்டால் இன்னொருவன் தடுக்கக் கூடாது. தடுத்தால் அவனைக் கோழை என்று சொன்னதாக ஆகும். இந்த விதியால் தூரவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் கேட்பவர்கள் சிவப்பு இதயம் அனுப்பினார்கள்.

விதி கதையோடு நிற்கவில்லை. தட்டில் கடைசி பரோட்டா இருந்தால், “என் வேட்டை மச்சான்” என்பான் எழில். ஜாவித் கையை இழுத்துக்கொள்வான். திருக்கழுக்குன்றம் சாலையில் வளைவில் லாரியை முந்தும்போதும் எழில் அதையே கத்துவான். பைக்கில் பின்னால் இருக்கும் ஜாவித் வாயை மூடிக்கொள்வான்.

எழில் செத்த அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் சத்தத்தைப் பதிவு செய்ய ஜாவித்தும் படகில் போயிருந்தான். இருவர்தான். மாமல்லபுரத்துக்குக் கிழக்கே வலை கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. காற்று ஏறியிருந்தது. குதித்து வலையை விடுவிக்க எழில் சட்டையைக் கழற்றிப் போட்டான்.

“வலைய அறுத்து வுட்டுடு மச்சான். அலை ஒரு மாதிரியா கீது.” ஜாவித் அவன் முழங்கையைப் பிடித்தான்.

“புது வலைடா. நைனா இன்னா சொல்லும்?” எழில் சிரித்தான். “என் வேட்டை.”

ஜாவித் பிடியை விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. எழில் கீழே போனான். வலையில் கால் சிக்கி அங்கேயே நின்றுவிட்டான். ஜாவித்துக்கு நீந்தத் தெரியாது. பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். கேட்டவர்களிடமெல்லாம் ஜாவித் ஒன்றையே சொன்னான்: “நான் பாக்கறதுக்குள்ள குதிச்சிட்டான்.”

எழிலின் அப்பா தேசப்பன் அதை நம்பினார். “அந்தப் புள்ளைய யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது” என்று குப்பத்துக்கே சொல்லி வைத்தார். கருமாதியன்று தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டார். அந்தச் சோறுதான் ஜாவித்துக்கு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலையில் குப்பத்துக்குப் போனான். தேசப்பன் படகு நிழலில் வலைச் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“வா ஜாவித்து. டீ குடிச்சியா?”

“நைனா, நான் அவனப் புடிச்சினு இருந்தேன். வுட்டுட்டேன்.”

“வழுக்கிட்டானா?”

“இல்ல. ஒரு வார்த்த சொன்னான். எங்க கதையில, அத்த சொல்லிட்டா வுட்டுடணும்.”

“இன்னா கதை?”

ஜாவித் சொன்னான். கிரகம், மிருகம், மூன்றாவது விதி. மணலில் நின்று சொல்லும்போது எல்லாம் மிகச் சின்னதாகக் கேட்டது.

“எவன் போட்ட ரூலு?”

“நான்தான் நைனா.”

“கையப் புடிச்சா அவன் கோச்சிக்குவான்னு வுட்டியா?”

“ஆமா.”

தேசப்பன் வலையில் ஒரு கண்ணியைப் பிரித்து முடித்தார்.

“கோச்சிக்கட்டுமேடா. மூணு நாளு உங்கூடப் பேசாம இருந்திருப்பான்.”

தேசப்பன் அடுத்த கண்ணிக்குப் போனார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

“அவன் அம்மா வச்சலா வூட்லதான் கீறா. எம்புள்ள ஏன் சொல்லாம குதிச்சான்னு தெனம் என்னியக் கேக்கறா. போயி நீயே சொல்லு. என்னால ஆவாது.”

ஜாவித் மணலில் நடந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். உள்ளே தட்டில் சோறு வைக்கும் சத்தம் கேட்டது.

“யாரு?” என்றாள் எழிலின் அம்மா.

“நான்தான்மா, ஜாவித்து” என்று சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே போனான்.